சந்தேகம் வந்தால் நின்றுவிடு: ஆளில்லா காருக்கு இந்த ஒரு விதி போதுமா?

வாசகர் கேள்வி, டிசம்பர் 27, 2025

ஆளில்லா கார்களைப் பற்றி ஏன் இவ்வளவு குழப்பம் என்று எனக்குப் புரியவில்லை. சாலை விதிகள் எழுத்தில் இருக்கின்றன. அவற்றை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டியதுதானே? விதியில் இல்லாத ஏதாவது எதிரே வந்தால், சந்தேகம் வந்தால், வண்டி நின்றுவிடட்டும். நின்ற வண்டியால் யாருக்கு என்ன கெடுதல்? நீங்கள் சான் பிரான்சிஸ்கோவில் தினமும் இந்தக் கார்களுக்கு நடுவே ஓட்டுகிறவர். சொல்லுங்கள்.

டிசம்பர் 27, இரவு

நின்ற வண்டியால் கெடுதல் உண்டு. போன வாரம்தான் பார்த்தோம்.

டிசம்பர் 20, சனிக்கிழமை. இங்கே ஒரு துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து, சுமார் 1,30,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பல பகுதிகளில் சிக்னல்கள் அணைந்தன. அணைந்த சிக்னலை எப்படிக் கடப்பது என்பதில் கலிபோர்னியா விதி தெளிவாகவே இருக்கிறது: நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பு போல நினைத்து, நின்று, முறை வைத்துப் போக வேண்டும். இங்கே ஆளில்லா டாக்சிகளாக ஓடும் வேமோ நிறுவனத்தின் கார்களுக்கும் இந்த விதி தெரியும். அன்று மட்டும் 7,000-க்கும் மேற்பட்ட அணைந்த சிக்னல்களைத் தங்கள் கார்கள் கடந்ததாக நிறுவனம் பின்னர் சொன்னது. ஆனால் சில நேரங்களில் அந்தக் கார், போவதற்கு முன் தொலைவில் இருக்கும் மனிதரிடம் ஒரு முறை உறுதி கேட்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரே நேரத்தில் ஏராளமான கார்கள் கேட்டன. பதில் வரத் தாமதமானது. கார்கள் சந்திப்புகளில் நின்றன. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த தெருக்கள் இன்னும் அடைத்துக்கொண்டன. கடைசியில் சேவையையே நிறுத்தி வைத்தார்கள்.

நீங்கள் கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான். விதி ஏற்றப்பட்டிருந்தது. சந்தேகம் வந்தபோது வண்டி நின்றது.

டிசம்பர் 28

மனிதர்கள் அன்று என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

அன்று இரவு நானும் காரில் இருந்தேன். எழுதப்பட்ட விதி இதுதான்: முதலில் வந்தவர் முதலில் போகலாம், இரண்டு பேர் சேர்ந்து வந்தால் வலப்பக்கம் இருப்பவருக்கு முதல் உரிமை. நான்கு திசையிலும் வால் நீண்ட வரிசை நிற்கும்போது யார் முதலில் வந்தார் என்று யாருக்குத் தெரியும்? அரை மணி நேரத்துக்குள் ஓர் ஒழுங்கு தானாக உருவாகியிருந்தது. எதிரெதிரே இருக்கும் இரண்டு கார்கள் சேர்ந்து புறப்படும். நேரே போகிறவர் கொடுக்கும் மறைவில் இடப்பக்கம் திரும்புகிறவர் நுழைந்துகொள்வார். நடந்து போகிறவர்கள் தனியாக இறங்காமல் நான்கைந்து பேர் சேரும்வரை காத்திருந்து ஒன்றாகக் கடப்பார்கள். இவற்றில் எதுவும் ஓட்டுநர் கையேட்டில் கிடையாது.

இதில் என்னைக் கவர்ந்தது, ஒவ்வொருவரும் புறப்படுவதற்கு முன் வண்டியை அரை அடி நகர்த்திப் பார்த்ததுதான். எதிராளி நின்றால் போவது, அவரும் நகர்ந்தால் நிற்பது. அந்த அரை அடியில்தான் பேச்சுவார்த்தை முழுக்க நடந்தது. யாராவது ஒருவர் அந்த அரை அடியையும் நகராமல் இருந்தால், பின்னால் இருப்பவர்கள் பொறுமை இழந்து அவரைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அந்த இடத்தில்தான்.

டிசம்பர் 29

இது இன்று நேற்றுத் தோன்றிய சிக்கல் இல்லை. 2009-லேயே கூகுளின் சோதனைக் கார் ஒன்று (அந்தத் திட்டம்தான் பிற்பாடு வேமோ ஆனது) நாற்புற ஸ்டாப் சந்திப்பில் மாட்டிக்கொண்டது. மற்ற கார்கள் முழுசாக நிற்கட்டும், அப்புறம் போகலாம் என்று அது காத்திருந்தது. மற்றவர்கள் முழுசாக நிற்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்துகொண்டே இருந்தார்கள். கார் அங்கேயே நின்றது. பிறகு பொறியாளர்கள் அதற்கு ஊரக் கற்றுக்கொடுத்தார்கள். அன்று அந்தத் திட்டத்தில் முக்கியப் பொறுப்பில் இருந்த கிறிஸ் அர்ம்சன் 2011-ல் இதை வெளிப்படையாகவே விளக்கினார்: விதிப்படி முறை வந்தும் மற்றவர்கள் விடவில்லை என்றால், தன் எண்ணத்தைக் காட்ட கார் கொஞ்சம் முன்னே வரும்.

ஆக, ஊருவது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் இல்லை. வண்டி நகர வேண்டும் என்றால் அது தேவைப்பட்டது.

டிசம்பர் 29, சற்று நேரம் கழித்து

கணக்கு தெரிந்த ஒருவர், “மற்ற வண்டிகள் எங்கே போகும் என்று இன்னும் துல்லியமாகக் கணித்தால் தீர்ந்துவிடாதா?” என்று கேட்டிருக்கிறார். தீராது.

2010-ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கைச் சேர்ந்த பீட்டர் டிரவுட்மன், ஆண்ட்ரியாஸ் க்ரௌஸ் இருவரும் கூட்டத்துக்குள் நடக்கும் ரோபோவை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். ரோபோ ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாகக் கணிக்கிறது. விநாடிகள் கூடக்கூட, அவர் எங்கெல்லாம் இருக்கலாம் என்ற வட்டம் பெரிதாகிறது. சீக்கிரமே எல்லா வட்டங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, போக வழியே இல்லை என்று தோன்றிவிடுகிறது. ரோபோ உறைந்துவிடுகிறது. கணிப்பைத் துல்லியமாக்கினாலும் நெருக்கமான கூட்டத்தில் இது போகாது என்றார்கள். ஏனென்றால் கூட்டத்தில் வழி ஏற்கெனவே திறந்து கிடப்பதில்லை; நாம் நகர்ந்தால்தான் மற்றவர் ஒதுங்குவார். நான் போனால் அவர் என்ன செய்வார் என்பதையும் கணக்கில் சேர்த்தால்தான் வழி தெரியும்.

அடுத்த கட்டமாக, 2016-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டோர்சா சாதிக்கும் உடன் ஆய்வாளர்களும் காரின் திட்டமிடலுக்குள்ளேயே இதைச் சேர்த்தார்கள். விளைவு அழகானது. சந்திப்பில் மனிதர் முதலில் போகட்டும் என்பதற்காக, அவர்கள் கார் தானாகவே சற்றுப் பின்னால் நகர்ந்தது. “பின்னால் போ” என்று யாரும் அதற்கு எழுதிவைக்கவில்லை.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் செய்தது. மனிதர் ஓட்டும் காருக்கு முன்னால் நுழைந்தால் அவர் வேகத்தைக் குறைப்பார் என்று தெரிந்துகொண்டு நுழைந்தது.

இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். வழிவிடத் தெரிந்த காருக்கு நெருக்கவும் தெரியும். இரண்டும் ஒரே திறமை. எவ்வளவு நெருக்கலாம் என்பது ஓர் எண்ணாக எங்கோ ஒரு நிரலில் உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் மையம் அந்த எண்தான். அதை யார் வைக்கிறார்கள்?

டிசம்பர் 31

எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிறிய, யாருக்கும் காயமில்லாத ஓர் உதாரணம். 2016 பிப்ரவரி 14, மவுன்டன் வியூ நகரம், எல் கமீனோ ரியல் சாலை. கூகுளின் லெக்சஸ் கார் வலப்பக்கம் திரும்புவதற்காக அகலமான லேனின் வலது ஓரத்தில் ஒதுங்கியது. அங்கே மழைநீர் வடிகாலைச் சுற்றி மணல்மூட்டைகள். கார் நின்றது, சில வண்டிகள் போகட்டும் என்று காத்திருந்தது, பிறகு மெல்ல லேனின் நடுவுக்கு வரத் தொடங்கியது. பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. பஸ் வேகத்தைக் குறைத்து விட்டுவிடும் என்று கார் கணித்தது. உள்ளே இருந்த சோதனை ஓட்டுநரும் அப்படியே நினைத்தார். பஸ் விடவில்லை. கார் மணிக்கு 2 மைல்கூட இல்லாத வேகத்தில் பஸ்ஸின் பக்கவாட்டில் உரசியது. பொறுப்பில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கூகுள் ஒப்புக்கொண்டது. பஸ் போன்ற பெரிய வண்டிகள் வழிவிடும் வாய்ப்பு குறைவு என்பதை மென்பொருளில் சேர்த்தது.

என் அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போனில் இதைச் சொன்னதும், “உள்ள நாப்பது பேரு நின்னுட்டு வர்றாங்கடா, எப்படி பிரேக் போடுவான்?” என்றார். பஸ் வழிவிடாததற்குத் திமிர் காரணமில்லை. திடீரென்று பிரேக் பிடித்தால் கம்பியைப் பிடித்து நிற்கும் பாட்டி விழுந்துவிடுவார். பஸ்ஸை வெறும் பெரிய பெட்டியாகப் பார்க்கும் வரை, அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று காருக்குத் தெரியப்போவதில்லை.

ஜனவரி 1, 2026

அப்பா இன்னொன்றும் சொன்னார். பிரேக்கில் கால் வைக்கும் முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமாம். பின்னால் வருகிறவருக்கும் சேர்த்துத்தான் நாம் நிற்கிறோம்.

கலிபோர்னியாவில் சோதனைக் கார் மோதலில் சிக்கி, சேதமோ காயமோ ஏற்பட்டால் பத்து நாளுக்குள் மோட்டார் வாகனத் துறைக்கு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கும். அவற்றில் அடிக்கடி வரும் காட்சி ஒன்றுதான்: ஆளில்லா கார் நிற்கிறது அல்லது வேகம் குறைக்கிறது, பின்னால் வந்த மனிதர் இடிக்கிறார். சட்டப்படி தவறு பின்னால் வந்தவருடையது. ஆனாலும் அவர் எதிர்பார்க்காத இடத்தில் முன் வண்டி நின்றதும் அந்த மோதலில் ஒரு பங்கு.

ஜனவரி 2

“அப்படியென்றால் மனிதர்களைப் போலவே விதியை மீறட்டும் என்கிறீர்களா?”

இல்லை. இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டெஸ்லா தன் சோதனை மென்பொருளில் ஓட்டும் பாணியைத் தேர்ந்தெடுக்க வழி வைத்திருந்தது. நிதானம், சராசரி, துணிச்சல் என்று. சில பாணிகளில் கார், எல்லாப் பக்கமும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்பை முழுசாக நிற்காமலே மணிக்கு 5.6 மைல் வேகம் வரை உருண்டு கடக்கலாம். சுற்றிலும் நகரும் கார், நடப்பவர், சைக்கிள் எதுவும் தென்படக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளும் இருந்தன. 2022 தொடக்கத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தலையிட்ட பிறகு, 53,822 கார்களில் அந்த வசதியை எடுத்துவிட ரீகால், அதாவது விற்ற வண்டியின் குறையைத் திருத்தும் அறிவிப்பு, வெளியானது.

மனிதர்கள் தினமும் இதைச் செய்கிறார்கள் என்பது உண்மை. என் தெருவில் முழுசாக நிற்பவர்தான் அபூர்வம். ஆனாலும் அந்த ரீகால் சரி என்றே நினைக்கிறேன். என் அண்டை வீட்டுக்காரர் உருண்டு போனால், அவர் ஒருவர் ஒரு காலையில் எடுத்த முடிவு அது. ஐம்பதாயிரம் கார்களில் ஓர் அமைப்பாக வைத்தால், சட்டமன்றம் இயற்றிய விதியை ஒரு நிறுவனம் திருத்தி எழுதியதாகிவிடும். சந்திப்பில் முறை கேட்டு அரை அடி ஊர்வது வேறு; அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் இருப்பது வேறு.

ஜனவரி 3

இதுவரை அதிகம் நிற்பதைப் பற்றியே எழுதினேன். அதிகம் நிற்கக் கூடாது என்ற அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் எழுதியாக வேண்டும். எழுதக் கஷ்டமான பகுதி இது.

2018 மார்ச் 18, அரிசோனாவில் டெம்பி நகரம், இரவு பத்து மணியை ஒட்டி. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையைக் கடந்துகொண்டிருந்தார். நடைபாதைக் கோடுகள் அங்கே இல்லை. ஊபரின் சோதனைக் கார், ஒரு வால்வோ, அவர்மீது மோதியது. அவர் இறந்தார். தானோட்டிச் சோதனைக் கார் மோதி நடந்து சென்றவர் ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விநாடி விநாடியாக ஆராய்ந்தது. மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே ரேடார் அவரைக் கண்டது. அதற்குப் பிறகு மென்பொருள் அவரை வாகனம் என்றது, வேறு ஏதோ என்றது, சைக்கிள் என்றது, மறுபடி மாற்றியது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் அதுவரை அவர் எப்படி நகர்ந்தார் என்ற வரலாறு கைவிடப்பட்டது. வரலாறு இல்லாததால், அவர் சாலையைக் கடக்கிறார் என்பதே அதற்குத் தெரியவில்லை. கோடுகள் இல்லாத இடத்தில் ஒருவர் கடக்கக்கூடும் என்பது அந்த வடிவமைப்பில் இல்லவே இல்லை.

கடைசியாக 1.2 விநாடி இருக்கும்போது மோதப்போகிறோம் என்று தெரிந்துகொண்டது. தெரிந்த பிறகும் ஒரு விநாடி எதுவும் செய்யவில்லை. அது பழுது அல்ல. வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு விநாடி. காற்றில் பறக்கும் பைக்கும் நிழலுக்கும் எல்லாம் பிரேக் அடித்து வண்டி குலுங்கக் கூடாது என்பதற்காக, ஆபத்து உண்மைதானா என்று பார்க்க அந்த அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்பது எண்ணம். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வால்வோவின் சொந்த அவசர பிரேக் வசதியும், கம்ப்யூட்டர் ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த ஒரு விநாடியை என்னால் மறக்க முடியவில்லை. வண்டிக்குள் இருப்பவரின் சௌகரியத்துக்கும் வெளியே நடப்பவரின் உயிருக்கும் நடுவில் யாரோ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெளியே இருப்பவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பாதுகாப்பு ஓட்டுநர் மட்டுமே. 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. போன் பார்த்தது பெரிய தவறுதான். ஆனால் அந்த ஒரு விநாடி அவர் வைத்தது இல்லையே.

ஜனவரி 4

மோதிய பிறகு என்ன செய்வது என்பதும் ஒரு முடிவுதான். 2023 அக்டோபர் 2, இரவு, சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவும் ஐந்தாவது தெருவும் சேரும் இடம். மனிதர் ஓட்டிய ஒரு நிசான் கார், சாலையைக் கடந்த பெண்ணை இடித்துத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிட்டது. அவர் பக்கத்து லேனில் வந்த க்ரூஸ் ஆளில்லா காரின் முன்னால் விழுந்தார். க்ரூஸ் பிரேக் அடித்தது, இருந்தும் மோதியது, நின்றது. இந்தக் கட்டம் வரை எந்த மனித ஓட்டுநரும் பெரிதாக வேறொன்றும் செய்திருக்க முடியாது என்று சொல்லலாம்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. பக்கவாட்டில் ஏதோ இடித்திருக்கிறது என்று கார் புரிந்துகொண்டது. அப்படிப்பட்ட நிலையில், போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நடுச் சாலையில் நிற்காமல் ஓரம் கட்ட வேண்டும் என்பது அதன் விதி. ஓரம் கட்டப் புறப்பட்டது. அந்தப் பெண் காருக்கு அடியில் இருந்தார். சுமார் 20 அடி தூரம் அவரை இழுத்துச் சென்றது. அவர் படுகாயத்தோடு உயிர் தப்பினார்.

இந்த ஓரம் கட்டும் விதி எங்கிருந்து வந்தது? அதே ஆண்டு கோடையில் நகரமே இந்தக் கார்கள் நடுத்தெருவில் உறைந்து நிற்பதைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தது. தீயணைப்புத் துறைத் தலைவர், வண்டிகள் வழி மறிப்பதாக அதிகாரிகளிடம் திரும்பத் திரும்ப முறையிட்டார். ஆகஸ்ட் 10-ல் மாநில ஆணையம் இரவு பகலாகக் கட்டணச் சேவைக்கு அனுமதி தந்தது. மறுநாள் இரவே நார்த் பீச் பகுதியில் க்ரூஸ் கார்கள் கூட்டமாக நின்று தெருவை அடைத்தன. அந்த முறையீடுகளால்தான் அந்த விதி வந்தது என்று நான் சொல்லவில்லை; ஓரம் கட்டுவது இந்தத் துறையில் வெகுகாலமாக இருக்கும் பழக்கம். ஆனால் இரண்டு பக்க அழுத்தமும் ஒரே காரின் மேல் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நின்றால் தீயணைப்பு வண்டிக்கு வழியில்லை. நகர்ந்தால் அடியில் ஒரு மனிதர்.

ஒரு மனித ஓட்டுநர் அந்த இடத்தில் இறங்கிப் பார்த்திருப்பார். இறங்கிப் பார்ப்பது என்பது காரிடம் இல்லாத ஒரு செயல். அதனால்தான், எதன்மீது மோதினோம் என்று உறுதியாகத் தெரியாத வரை அசையாதே என்பது மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே இருக்க வேண்டும் என்கிறேன். உங்கள் “நின்றுவிடு” விதி அப்படியே பொருந்தும் இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

க்ரூஸ் அந்த இழுத்துச் சென்ற பகுதியை அதிகாரிகளிடம் முழுதாகச் சொல்லவில்லை. அக்டோபர் 24-ல் மாநிலம் அனுமதியை நிறுத்தியது. நவம்பரில் 950 கார்கள் ரீகால். 2024 டிசம்பரில் க்ரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்சித் திட்டத்துக்குப் பணம் தருவதையே நிறுத்திவிட்டது.

ஜனவரி 5

“ஐந்து பேரா, ஒருவரா, யாரை இடிக்க வேண்டும்?” என்ற கேள்வியை மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள். இதில் எனக்கு ஆர்வமில்லை. ஜெர்மனியின் நெறிமுறை ஆணையம் 2017-லேயே, வயது, பால் போன்றவற்றை வைத்து ஆட்களைத் தரம் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. மேலே எழுதிய எந்த விபத்திலும் கார் அப்படி ஒரு தேர்வின் முன் நிற்கவில்லை. ஒருவர் இருக்கிறார் என்பதே அதற்குப் புரியவில்லை, அல்லது அவர் என்ன செய்வார் என்று தவறாகக் கணித்தது.

ஜனவரி 7

நிற்க வேண்டிய இடத்தில் நிற்காததும் நடக்கிறது. அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு ஸ்டாப் கையை நீட்டினால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் பொதுவாக இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்க வேண்டும். பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள் என்பதுதான் காரணம். 2025-ல் அட்லான்டாவில் ஒரு வேமோ கார், நின்றிருந்த பள்ளிப் பேருந்தைச் சுற்றிக்கொண்டு போன வீடியோ வந்தது. ஆஸ்டின் பள்ளி மாவட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சம்பவங்களைப் பதிவு செய்தது. மத்திய அரசின் விசாரணை தொடங்கியது. டிசம்பரில் மென்பொருளைத் திருத்த ரீகால்.

இங்கே பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. ஊர்ந்து பார்ப்பது, எண்ணத்தைக் காட்டுவது எதுவும் கூடாது. பேரம் பேசத் தெரிந்த காருக்கு, பேரம் கூடாத இடங்களும் தெரிய வேண்டும்.

அப்புறம் சான் புருனோ. 2025 செப்டம்பரில், குடிபோதை சோதனைக்காக நின்றிருந்த போலீசார் கண்முன்னே ஓர் ஆளில்லா கார் தடை செய்யப்பட்ட யு-டர்ன் அடித்தது. நிறுத்திப் பார்த்தால் உள்ளே ஓட்டுநர் இல்லை; அபராதச் சீட்டில் எழுத ஒரு பெயர் இல்லை. நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்கள்.

ஜனவரி 8

கோவையிலிருந்து ஒருவர், இது நம் ஊருக்கு எப்போது வரும் என்று கேட்கிறார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சராக நிதின் கட்கரி, ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் அனுமதிக்க மாட்டேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். வேலையைத் தள்ளிவைத்து ஓட்டுவதை மட்டும் எடுத்துக்கொண்டாலும், இங்கே கற்ற காரை அங்கே இறக்க முடியாது. ஒன்று சொல்கிறேன். கலிபோர்னியாவில் எதிரே வருபவர் ஹெட்லைட்டை ஒரு முறை மின்னவிட்டால், பெரும்பாலும் “நீங்கள் போங்கள்” என்று அர்த்தம். திண்டுக்கல் சாலையில் அதே மின்னலுக்கு “நான் வருகிறேன், நீ நில்” என்று அர்த்தம். இங்கே வந்த புதிதில் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். எதிரே இருப்பவர் கையை வீசி வீசி வழிகாட்டுவார். ஹார்னும் அப்படித்தான், அங்கே பின்னால் ஒருவர் இருக்கிறார் என்ற தகவல், இங்கே திட்டு. லேசரால் சுற்றுப்புறத்தை அளக்கும் எந்த லைடார் கருவியாலும் இதைப் பார்க்க முடியாது. அந்த ஊர் சாலையில் பலகாலம் இருந்தால்தான் வரும்.

ஜனவரி 10

நான் இந்தக் கார்களுக்கு எதிரி என்று சிலர் முடிவு கட்டிவிட்டீர்கள். இல்லை. எனக்குத் தெரிந்து இவை பெரும்பாலான நாட்களில் என் தெருவில் ஓட்டும் மனிதர்களைவிட நிதானமானவை. குடிப்பதில்லை, தூங்குவதில்லை, போன் பார்ப்பதில்லை.

எண்ணும் இருக்கிறது. வேமோவும் ஸ்விஸ் ரீ காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 2.53 கோடி மைல் ஓட்டத்தில், மனிதர் ஓட்டும் கார்களோடு ஒப்பிட்டால், பொருள் சேதக் காப்பீட்டுக் கோரிக்கைகள் 88 சதவீதமும் உடல் காயக் கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு. வேமோவே ஆய்வில் பங்காளி என்பதை நினைவில் வைத்தாலும் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உயிரிழப்பைப் பற்றிப் பேச இது போதாது. உயிரிழப்பு விகிதம் மனிதர்களுடையதைவிட அதிகமில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லவே, ஓர் உயிரிழப்புகூட இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டியிருக்க வேண்டும் என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016-ல் கணக்கிட்டது.

மேலும், சராசரி நன்றாக இருப்பதால் அந்த ஒரு எண்ணை யார் வைக்கிறார்கள் என்ற கேள்வி போய்விடாது. சராசரியில் லாபம் அடைபவரும் அந்த எண்ணால் இடிபடுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

ஜனவரி 11

யார் வைக்க வேண்டும் என்று கேட்டவருக்கு.

2018-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து சட்ட ஆணையங்கள் மக்களிடமே சில கேள்விகளைக் கேட்டன. அவசர வண்டிக்கு வழிவிட ஆளில்லா கார் நடைபாதைமேல் ஏறலாமா? சில சூழ்நிலையில் வேக வரம்பைத் தாண்டலாமா? ஆட்கள் வழியை அடைத்து நின்றால் மெல்ல ஊர்ந்து அவர்களுக்குள் போகலாமா? எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் ஓர் அரசுத் தரப்பு கேட்ட மிக நேர்மையான கேள்விகள் இவை. பிறகு 2024-ல் வந்த பிரிட்டன் சட்டம், கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநருக்குக் குறையாத பாதுகாப்பு வேண்டும் என்று வரையறுத்தது.

கலிபோர்னியாவில் 2026 ஜூலை 1 முதல், ஆளில்லா கார் விதி மீறினால் போலீஸ் நிறுவனத்துக்கே மீறல் அறிவிப்பு கொடுக்கலாம். சான் புருனோ போலீசாருக்கு இனி எழுத ஒரு பெயர் இருக்கும். நல்லது. ஆனால் இது நடந்து முடிந்த பிறகு வருவது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தையது. அணைந்த சிக்னலில் எத்தனை விநாடி காத்திருக்கும்? மனிதரிடம் கேட்டால், பதில் வராவிட்டால் என்ன செய்யும்? நடப்பவர் கோட்டில் ஒரு கால் வைத்திருந்தால் எவ்வளவு நெருங்கும்? எதன்மீதோ மோதியபின் எந்த உறுதி கிடைத்தால் அசையும்? இந்த நான்கையும் அனுமதி கேட்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். மென்பொருள் மாறும்போது மாற்றத்தையும் பொதுவில் வைக்க வேண்டும். நிறுவனத்தின் ரகசிய நிரலை யாரும் கேட்கவில்லை. தெருவில் என்னிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பது ரகசியமாக இருக்க முடியாது. இதையே எங்கள் மாநில மோட்டார் வாகனத் துறைக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

ஜனவரி 12

சைக்கிளில் வேலைக்குப் போகும் தங்கை ஒருவர் கேட்டது: “சந்திப்பில் டிரைவர் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன் அண்ணா. இதில் யார் கண்ணைப் பார்ப்பது?”

கண்ணைத் தேடாதீர்கள். ஓட்டுநர் இருக்கையில் யாராவது இருந்தாலும் அவர் ஓட்டுகிறாரா என்று வெளியிலிருந்து தெரியாது. சக்கரத்தைப் பாருங்கள். முன்சக்கரம் முழுசாக நின்றிருக்கிறதா, மெல்லச் சுற்றுகிறதா என்பது காரின் முகத்தைவிடச் சீக்கிரம் தெரியும். நீங்கள் போவதாக இருந்தால் தெளிவாகப் போங்கள். நின்று, நகர்ந்து, மறுபடி நின்றால் அதன் கணிப்பும் கூடவே தடுமாறும். நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து மட்டும் திடீரென்று வெளியே வராதீர்கள், அந்தக் கோணத்தில் எந்தக் கேமராவும் உங்களைப் பார்க்காது. இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் விளக்கை அணைக்க வேண்டாம்.